வெளிப் பாட்டியும் வெளிநாட்டுக்காரியும்

வியட்நாமுக்கு வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே ஒரு பட்டியல் வந்து சேர்ந்துவிடும். வீட்டுக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்று. பெரியவர்களிடம் எதையும் இரு கையால் கொடு, இரு கையால் வாங்கு. சோற்றில் குச்சிகளை நட்டு வைக்காதே. அது இறந்தவர்களுக்கு ஊதுபத்தி ஏற்றியதுபோல் இருக்கும். வயதைக் கேட்டால் கோபப்படாதே. பெரியவர்கள் சாப்பிடத் தொடங்கும்முன் நீ தொடங்காதே. ஹோ சி மின் நகரில் நான் வேலை பார்த்த நான்கு ஆண்டுகளில் இந்தப் பட்டியலை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் அனைவரும் பெண்கள். உடன் வேலை செய்தவர்கள், வீட்டுக்காரம்மா, சந்தையில் கீரை விற்றவர்.

நாளாக ஆக ஒன்று புரிந்தது. இதே பட்டியலை, இன்னும் கடுமையான வடிவத்தில், அந்த நாட்டில் வேறு ஒருத்திக்கும் சொல்லித்தருகிறார்கள். அவள் புதிதாக வந்த மருமகள். யாரை எப்படி அழைப்பது, எங்கே உட்காருவது, எப்போது வாய் திறப்பது என்று அவளும் ஒரு வெளியாளாகவே எல்லாவற்றையும் கற்கிறாள். நான் பாதி சரியாகச் செய்தாலே கைதட்டினார்கள். அவள் முழுதும் சரியாகச் செய்தாலும் அது கடமை. எனக்குத் திரும்பிப்போக விமானச் சீட்டு இருந்தது.

வயதிலிருந்து தொடங்குவோம். வியட்நாமிய மொழியில் ‘நான்’, ‘நீ’ என்று பொதுவாகச் சொல்வது அரிது. உறவுச் சொல்லால்தான் பேச வேண்டும். மூத்த ஆண் ‘ஆன்’, அதாவது அண்ணன். மூத்த பெண் ‘ச்சி’, அதாவது அக்கா. நம் காதில் ‘ச்சீ’ என்று விழுந்து சில நாட்கள் தூக்கிவாரிப்போடும். இளையவர் ஆணானாலும் பெண்ணானாலும் ‘எம்’. பாட்டி ‘பா’. எதிரில் இருப்பவரை மட்டுமல்ல, தன்னையும் இந்தச் சொற்களால்தான் குறிக்க வேண்டும். நான் என்னைவிட மூத்தவளிடம் பேசினால் என் ‘நான்’ என்பது ‘தங்கை’. பேரன் வயதுப் பையனிடம் பேசும்போது ஒரு கிழவியின் ‘நான்’ என்பது ‘பாட்டி’. ஆகவே வயது தெரியாமல் ஒரு வாக்கியத்தைக்கூட முடிக்க முடியாது. அவர்கள் வயதைக் கேட்பது வம்புக்காக அல்ல, இலக்கணத்துக்காக.

அண்ணா, அக்கா என்று அந்நியரை அழைத்துப் பழகிய நமக்கு இது எளிது. ஆனால் காதலிலும் திருமணத்திலும் இந்த இலக்கணம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கணவன் ‘ஆன்’, மனைவி ‘எம்’. அவள் அவனைவிட இரண்டு வயது மூத்தவளாக இருந்தாலும் பெரும்பாலும் இப்படித்தான். நேற்றுவரை ‘அக்கா’வாக இருந்தவள் காதலித்த நாளிலிருந்து ‘தங்கை’ ஆகிவிடுகிறாள். அலுவலகத்தில் பத்துப் பேரை நடத்துகிறவளும் வீட்டில் தன்னைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் இளையவள் என்றே சொல்லிக்கொள்கிறாள். உறவு சாராத ஒரு ‘நான்’ அந்த மொழியிலும் உண்டு: ‘தோய்’. அதன் பழைய பொருள் அரசனின் குடி, அடிமை, வேலையாள். இன்று எழுத்திலும் மேடையிலும் அதுதான் பொதுவான ‘நான்’. வீட்டில் ஒரு மனைவி அதைப் பயன்படுத்தினால் சண்டை தொடங்கிவிட்டது என்று பொருள்.

வயதுக்கு அடுத்த கேள்வி, ‘குடும்பம் ஆகிவிட்டதா?’. திருமணத்தைத்தான் கேட்கிறார்கள். இதற்கு ‘இல்லை’ என்று பதில் சொல்லக்கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். ‘ச்சுவ’ என்று சொல்ல வேண்டும்: ‘இன்னும் இல்லை’. இருபது வயதிலும் அதே பதில், ஐம்பதிலும் அதே பதில். திருமணம் வேண்டாம் என்று முடிவெடுத்த ஒருத்திக்கு அந்தக் கேள்வியில் இடமே இல்லை. அவள் இன்னும் வரிசையில் நிற்பவள். மணமாகாமல் வயதேறிய பெண்ணைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு: ‘ஏ’. சந்தையில் விலைபோகாமல் தேங்கிய சரக்குக்கும் அதே சொல்தான்.

இந்த ‘இன்னும் இல்லை’க்குப் பின்னால் ஒரு போரின் வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவுடனான போரின்போது வடக்கிலிருந்து ஏராளமான இளம்பெண்கள் தன்னார்வ இளைஞர் படையில் சேர்ந்து, ஹோ சி மின் பாதை என்று உலகம் அறிந்த த்ரூங் சன் மலைப்பாதைகளில் குண்டுவீச்சில் சிதைந்த சாலைகளைச் செப்பனிட்டார்கள். போர் முடிந்து, மலேரியாவும் காயங்களும் தந்த உடலோடு ஊர் திரும்பியபோது பலருக்கு கிராமத்துக் கணக்கில் கல்யாண வயது கடந்திருந்தது. அவர்கள் வயது ஆண்களில் பலர் உயிரோடு இல்லை. அவர்களில் சிலரும், அந்தத் தலைமுறையின் மணமாகாத பிற பெண்கள் சிலரும் கணவன் இல்லாமலே பிள்ளை பெற்றுக்கொள்ள முடிவெடுத்தார்கள். அதற்கு ‘சின் கோன்’ என்று பெயர். ‘பிள்ளை கேட்பது’ என்று பொருள். ஒரு ஆணிடம் கர்ப்பத்தை மட்டும் கேட்டுப் பெறுவது. உறவையோ சொத்தையோ கேட்பதில்லை. ஊர் ஏசியது. ஆனாலும் 1986-இல் வந்த திருமண, குடும்பச் சட்டம் மணமாகாத தாயையும் அவள் பிள்ளையையும் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ‘இன்னும் இல்லை’ என்ற சொல்லுக்குள் ஒடுங்காமல் ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்கள் அவர்கள்.

இனி என் தலைப்புக்கு வருகிறேன். தந்தைவழிப் பாட்டி ‘பா நொய்’. தாய்வழிப் பாட்டி ‘பா ங்வாய்’. ‘நொய்’ என்றால் உள், ‘ங்வாய்’ என்றால் வெளி. சீனத்திலிருந்து வந்த சொற்கள் இவை. வெளிநாட்டைக் குறிக்கும் ‘ங்வாய் குவோக்’ என்பதிலும் அதே ‘ங்வாய்’தான். அதாவது, அம்மாவைப் பெற்றவளும் நானும் அந்த மொழியில் ஒரே சொல்லின் கீழ் வருகிறோம்.

இந்த உள்ளும் வெளியும் சொல்லோடு நிற்பதில்லை. தேத் எனப்படும் புத்தாண்டின் முதல் நாள் தந்தைவழிக்கு, இரண்டாம் நாள் தாய்வழிக்கு, மூன்றாம் நாள் ஆசிரியருக்கு என்பது மரபு. மருமகளுக்கோ முதல் நாள் மாமியார் வீட்டுச் சமையலறையில் கழிகிறது. முன்னோர் நினைவுநாள் விருந்துகளுக்கு வெளிநாட்டவரையும் அன்போடு அழைப்பார்கள். பழமோ ஊதுபத்தியோ கொண்டுபோக வேண்டும். அங்கே ஒன்றைக் கவனித்தேன். விடியற்காலையிலிருந்து சமைத்தவர்கள் பெண்கள். பூசைமேடை முன் முதலில் ஊதுபத்தி ஏந்தி நின்றவர் மூத்த மகன். சாப்பிடும்போது சோற்றுப் பானைக்கு அருகில் உட்காரும் இடம் வீட்டுப் பெண்ணுக்கு, குறிப்பாக மருமகளுக்கு உரியது. எல்லோர் கிண்ணத்தையும் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுபத்தி ஏற்ற மகன் வேண்டும் என்ற எண்ணத்துக்கு விலையும் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்வதைச் சட்டம் தடுத்தும், 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 100 பெண் குழந்தைகளுக்கு 111.5 ஆண் குழந்தைகள் பிறந்திருந்தன.

‘இது எங்கள் ஆதிகாலப் பழக்கம்’ என்று சொல்லும்போது எந்த ஆதிகாலம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் லே தான் தோங் அரசரின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஹோங் துக் சட்டத்தொகுப்பு, மகன் இல்லாத வீட்டில் முன்னோர் வழிபாட்டுக்கான சொத்தை மூத்த மகள் பெறலாம் என்றது. ஐந்து மாதம் மனைவியைப் புறக்கணித்தவன் அவளை இழப்பான் என்றும், பிள்ளை இருந்தால் அந்தக் கெடு ஒரு வருடம் என்றும் எழுதியிருந்தது. அதுவும் கன்பூசிய ஆணாதிக்கத்தின் சட்டம்தான், சொர்க்கம் ஒன்றுமல்ல. ஆனாலும் அதில் மகளுக்கு ஒரு வாசல் இருந்தது. 1815-இல் வந்த ஜா லாங் சட்டம் சீனத்தின் சிங் பேரரசுச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்டது. பெண்களின் பிடி தளர்ந்தது. பழக்கம் என்று நாம் கும்பிடும் பலவும் யாரோ ஒரு அரசன் கையெழுத்திட்டவை.

அந்தச் சுவரில் பெண்கள் எழுத்தால் துளையிட்டார்கள். 1918-இல் சைகோனில் ‘பெண்களின் மணி’ என்று பொருள்படும் ‘நூ யோய் சுங்’ இதழ் வந்தது. அதன் ஆசிரியர் சுவோங் நுயெத் ஆன், பார்வையிழந்த கவிஞர் நுயென் தின் சியூவின் மகள். அவர் பெயரின் முதற்சொல்லுக்கு ‘கைம்பெண்’ என்று பொருள். கணவர் இறந்தபின் அவரே புனைபெயரில் சேர்த்துக்கொண்டது. சில மாதங்களே அந்த இதழ் நடந்தது. பிறகு 1929 மே 2 அன்று சைகோனில் ‘ஃபூ நூ தான் வான்’ என்ற வார இதழ் தொடங்கியது. பெண் கல்வி, பெண்ணின் தொழில், திருமணம் எல்லாம் அதில் விவாதமாயின. அதை நடத்திய பெண்ணின் சொந்தப் பெயர் காவ் தி கான். இதழில் அச்சானதோ ‘திருமதி நுயென் துக் நுவான்’ என்ற கணவரின் பெயர்.

இந்த இடத்தில் பெயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். வியட்நாமியப் பெண் திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றுவதில்லை. நுயென் தி மின் காய் என்றால் நுயென் குடும்பப் பெயர். ‘தி’ பெண்ணைக் குறிக்கும் இடைச்சொல். கடைசியில் வருவதே அவளுடைய பெயர். அழைப்பதும் அதைக் கொண்டுதான். 1941-இல் பிரெஞ்சுக்காரர்கள் சுட்டுக்கொன்ற அந்தப் புரட்சிக்காரப் பெண்ணின் பெயரில் ஹோ சி மின் நகரின் நடுவே ஒரு நீண்ட சாலை இருக்கிறது. என் கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இருப்பதால் வேறு நாடுகளின் வங்கிகளிலும் விமான நிலையங்களிலும் என்னை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். வியட்நாமில் அப்பா பெயர் முன்னால் போய், என் பெயர் கடைசியில் நின்றது. என்னை என் பெயரால் அழைத்தார்கள். சிறிய விஷயம்தான், எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஆனால் சான்றிதழில் இருக்கும் பெயர் வேறு, தெருவில் ஒலிக்கும் பெயர் வேறு. மூத்த தலைமுறையில் மனைவியைக் கணவர் பெயராலும், தாயை மூத்த பிள்ளையின் பெயராலும் அழைப்பது வழக்கம். தென் வியட்நாமின் அதிகார மையத்தில் இருந்த த்ரான் லே சுவானையே உலகம் ‘மேடம் நூ’ என்றுதான் அறியும். நூ அவர் கணவரின் பெயர். பலதார மணத்தைத் தடைசெய்த குடும்பச் சட்டத்தை 1959 தொடக்கத்தில் தெற்கில் கொண்டுவந்தவர் அவர்; விவாகரத்தையும் ஏறக்குறைய மூடிவிட்டது அச்சட்டம். அதே ஆண்டின் கடைசியில் வடக்கின் கம்யூனிச அரசும் பலதார மணத்தையும் குழந்தை மணத்தையும் தடைசெய்தது. போரிட்டுக்கொண்ட இரு அரசுகளும் ஒரே ஆண்டில் ஒப்புக்கொண்ட விஷயம், இரண்டாம் மனைவி என்ற நிலை இனி சட்டத்தில் இல்லை என்பது.

சுதந்திரம் வந்தபின்னும் உறவுச் சொற்கள் போகவில்லை; அரசே அவற்றை எடுத்துக்கொண்டது. ஹோ சி மின் நாட்டுக்கே ‘பாக்’, பெரியப்பா. 1994-இல் போரில் பிள்ளைகளை இழந்த பெண்களுக்கு ‘வீர வியட்நாம் தாய்’ என்ற பட்டம் ஏற்படுத்தப்பட்டது. சாலை போட்டவளுக்கும் துப்பாக்கி ஏந்தியவளுக்கும் கௌரவங்கள் உண்டு; ஆனால் நாட்டின் மனத்தில் மிக உயரத்தில் நிற்பது பிள்ளையைக் கொடுத்த தாய்தான்.

அந்தச் சொற்களைப் பெண்கள் தமக்காக வளைத்துக்கொண்டதும் உண்டு. ‘ச்சி எம்’, அக்கா தங்கை, என்று சேர்த்துச் சொன்னால் பெண்கள் எல்லோரும் என்று பொருள். பெண்களின் கூட்டங்களில் ஒலிக்கும் விளி அது. ‘பா’ என்ற பாட்டிக்குச் சீமாட்டி, தெய்வம் என்றும் பொருள் விரியும். கி.பி. 40-இல் சீன ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த த்ருங் சகோதரிகள் ‘இரு பா’. பென் தான் சந்தையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தமிழர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இன்று அங்கே வரும் கூட்டத்தில் பெரும்பாலோர் வியட்நாமியர். அவர்கள் சொல்லும் பெயர் ‘சுவா பா அன்’, இந்திய அம்மையின் கோயில். வெளியிலிருந்து வந்தவளுக்கும் ஓர் உறவுச் சொல் கிடைத்துவிட்டது. தெற்கில் பேரப்பிள்ளைகள் தாய்வழிப் பாட்டியை வெறுமனே ‘ங்வாய்’ என்று கொஞ்சலாகக் கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன். ‘வெளி’ என்று பொருள்படும் சொல், அந்தக் குழந்தைகளின் வாயில் மிக நெருக்கமான சொல்லாகிவிடுகிறது.

அங்கே படிக்கப் போகும் மாணவிகள் என்னிடம் பழக்கவழக்கங்களைக் கேட்பதுண்டு. செருப்பு, குச்சி, இரு கை எல்லாவற்றையும் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சேர்க்கிறேன். விருந்துக்குப் போனால் சோற்றுப் பானைக்கு அருகில் இருப்பவரின் பக்கத்தில் உட்காருங்கள். முதலில் வயதைக் கேளுங்கள். அதில் தவறில்லை, அப்போதுதான் அக்காவா தங்கையா என்று தெரியும். பிறகு பெயரைக் கேளுங்கள். இன்னாரின் மனைவி, இன்னாரின் அம்மா என்று பக்கத்தில் இருப்பவர்கள் முந்திக்கொண்டு சொல்லக்கூடும். பொறுத்திருந்து அவரிடமே மறுபடி கேளுங்கள். பிறந்தபோது வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டையில் இன்னும் அப்படியே இருக்கிறது. அவரே சொல்லட்டும்.