பனாட்டும் பழப்பொடியும்

பழத்தை உலர்த்திப் பொடியாக்கிப் பொதியிலிட்டு விற்கும் வழக்கம் இக்காலத்தில் எங்கும் பரவியுள்ளது. மாம்பழப் பொடி, வாழைப்பழப் பொடி, நெல்லிப் பொடி எனப் பல பெயர்கள். ஒரு கரண்டி பொடியைத் தண்ணீரிலோ பாலிலோ கரைத்துக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பழமே கொடுத்துவிட்டதாக மனநிறைவு கொள்ளும் தாய்மார் பலர். அந்த மனநிறைவு எவ்வளவு பொருந்தும்? இவ்வினாவுக்கு விடை தேட அயல்நாடுகளுக்குப் போகவேண்டியதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலையிலே தர்மபுரம் என்னும் ஊர் இருக்கிறது. அதனைச் சூழ்ந்த வன்னிக்கும், வடக்கே யாழ்ப்பாணத்துக்கும் பொதுவான ஒரு மரத்தின் கதையே போதும். அது பனை.

பனம்பழம் ஆடி, ஆவணி, புரட்டாதி மாதங்களிற் கனிந்து விழுவது. அதனை அடுத்து ஐப்பசி, கார்த்திகையில் வடகீழ்ப் பருவமழை கொட்டும். மாரியில் விதைத்த நெல் வீடு வந்து சேர்வதோ தை, மாசியில். இடைப்பட்ட மாதங்களிற் குதிர் வெறுமையாகும். வெளியே சென்று உழைக்கவும் மழை விடாது. இந்த இடைவெளியைக் கடக்க நம் முன்னோர் கண்ட வழிகளுள் ஒன்றே பனாட்டு.

பழத்தின் மேற்தோலை உரித்து, தும்பிலிருந்து களியைப் பிசைந்தெடுத்து, வடித்துப் பாயிலே மெல்லிதாகப் பரப்புவர். ஒரு படை காய்ந்தபின் அதன்மேல் இன்னொரு படை ஊற்றுவர். இவ்வாறு நாள்தோறும் வெயிலில் உலர்ந்து தடித்ததைப் பாயிலிருந்து உரித்துச் சுருட்டி வைப்பர். துண்டுகளாக வெட்டிப் பனம்பாணியில் ஊறவைத்தால் அது பாணிப் பனாட்டு. மழைக்காலத்திற் குழந்தையின் கைக்கு எட்டும் இனிப்பும் உணவும் அதுவே.

இவை வாய்வழிச் செய்திகள் மாத்திரமல்ல. 1850ஆம் ஆண்டிலே வில்லியம் பெர்குசன் என்பார் இலங்கைப் பனையையும் அதன் பயன்களையும் பற்றித் தனி நூலொன்றைக் கொழும்பில் வெளியிட்டார். பனையின் பயன்கள் எண்ணூற்றொன்று என்று பாடும் ‘தால விலாசம்’ என்ற தமிழ் நூலையும் உலகறியச் செய்தது அந்நூலே.

இங்கே கூர்ந்து நோக்கத்தக்க செய்தியொன்றுண்டு. பனங்கிழங்கைக் கிழித்து உலர்த்தினால் ஒடியல். அந்த ஒடியலை நம்மவர் இடித்து மாவாக்கினர்; கூழ் காய்ச்சினர்; பிட்டு அவித்தனர். ஆனால் பழத்தை மட்டும் மாவாக்காமற் சுருட்டி வைத்தனர். ஏன்? கிழங்கில் நிறைந்திருப்பது மாப்பொருள். அது நன்றாக உலரும், எளிதில் இடிபடும். பழத்தில் நிறைந்திருப்பதோ சர்க்கரை. அதனை எவ்வளவு உலர்த்தினாலும் காற்றின் ஈரத்தை இழுத்துப் பசையாகிக் கட்டிபடும். இரசாயன நூல் பயிலாத மூதாட்டியரும் கைப்பழக்கத்தால் இவ்வேறுபாட்டை அறிந்திருந்தனர்.

இன்றைய தொழிற்சாலைகள் இத்தடையைத் தாண்டியது எவ்வாறு? திரவத்தை நுண்துளிகளாகச் சிதறச்செய்து வெப்பக்காற்றில் நொடியில் உலர்த்தும் முறைக்கு அமெரிக்காவில் சாமுவேல் பெர்சி என்பவர் 1872இல் உரிமம் பெற்றார். பாலுக்கு இம்முறை நன்கு பொருந்தியது. பழச்சாற்றிலோ சர்க்கரை மிகுதியாதலால், அது கருவியின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகையால் மால்டோடெக்ஸ்ட்ரின் எனப்படும் மாச்சத்துப் பொருளைக் கலந்து உலர்த்துகிறார்கள். கேடான பொருளன்று, ஆயினும் அது பழமும் அன்று. சில பொதிகளிற் பழத்தைவிட இத்துணைப்பொருளே மிகுதியாக இருத்தல் கூடும். உறைய வைத்து உலர்த்தும் முறையிற் சத்து பெரிதும் காக்கப்படும். செலவோ மிக அதிகம்.

இனி, உலர்த்தும்போது எது எஞ்சுகிறது, எது அழிகிறது என்பதைப் பார்ப்போம். நீர் நீங்குவதால் சர்க்கரை, நார்ப்பொருள், தாதுப்பொருள்கள் ஆகியவை செறிந்து நிற்கின்றன. வெப்பத்துக்கும் காற்றுக்கும் ஆற்றாதது உயிர்ச்சத்து ‘சி’. கப்பலோட்டிகளின் ஸ்கர்வி நோயை எலுமிச்சையும் தோடம்பழமும் தீர்க்கும் என்று 1747இல் சோதித்துக் காட்டியவர் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட். அவரே நெடும்பயணத்துக்காக அச்சாற்றை நெருப்பிற் சுண்டவைத்துச் சேமிக்கும்படி பரிந்துரைத்தார். பாகு கெடாமல் இருந்தது. நோயைத் தீர்க்கும் சத்தோ பெரும்பாலும் சூட்டில் மறைந்துபோயிற்று. பழத்தின் இனிமை எஞ்சியிருப்பதால் அதன் குணமும் எஞ்சியிருக்கும் என்று கொள்ளலாகாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

பனங்களியின் செம்மஞ்சள் நிறம் கரோட்டின் வகைகளால் வருவது. அவற்றுட் சில உடம்பிலே உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாறிக் கண்ணுக்கும் நோயெதிர்ப்புக்கும் உதவுவன. வெயிலும் காற்றும் அவற்றையும் ஓரளவு குறைக்கும். பொடியாக்கினாற் காற்றுப்படும் பரப்புப் பெருகுவதால், இழப்பும் விரைவாகும். தடித்த சுருளின் உட்புறம் இவ்வகையில் காவல் பெற்றது. மேலும், கரோட்டினை உடம்பு ஏற்கக் கொழுப்புத் துணை வேண்டும். பனாட்டைத் தேங்காய்ச் சொட்டோடு தின்பது சுவைக்காக மட்டுமன்று, சத்துக்கும் பொருந்தியதே. பனங்களியின் கைப்புக்குக் காரணம் பிளாபெல்லிபெரின் என்னும் பொருளென இலங்கை ஆய்வாளர் கண்டுள்ளனர். அக்கைப்பை நொதியத்தால் நீக்கும் வழியையும் ஆராய்ந்துள்ளனர்.

இத்துணைச் சிறப்புடைய உணவு ஏன் ஒதுங்கியது? இறக்குமதி அரிசியும் கோதுமை மாவும் வெள்ளைச் சீனியும் எளிதிற் கிடைத்தபோது பனையுணவு ஏழையின் உணவென்று கருதப்படலாயிற்று. 1970களின் முற்பகுதியில் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோதும், 1990க்குப் பின் வன்னியைப் பொருளாதாரத் தடை வாட்டியபோதும் மக்கள் மீண்டும் உள்ளூர் உணவை நாடினர். பஞ்சத்தில் மட்டும் பனையை நினைத்துப் பின் மறந்துவிடுதல் நம் வழக்கமாயிற்று.

பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைந்தது. ஆயினும் அடுத்து வந்த போராண்டுகளில் எண்ணற்ற பனைகள் காப்பரண்களுக்காக வெட்டுண்டன, எறிகணைகளால் தலையிழந்தன. 2009இன் தொடக்கத்தில் தர்மபுரத்தின் ஊடாகவும் அப்போர் கடந்து சென்றது. விதைத்த பனை பழம் தரப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை செல்லும். அதுவும் பெண்பனையாக அமைந்தால் மட்டுமே. ஆகவே போர் ஓய்ந்தபின் ஊன்றிய விதைகள் இப்பொழுதுதான் பலன் தரும் பருவத்தை அடைகின்றன.

நேயர்களே, பழப்பொடியை வெறுக்க வேண்டும் என்பது இவ்வுரையின் கருத்தன்று. வாங்குமுன் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: இதில் பழம் எத்துணைப் பங்கு? சீனி சேர்ந்துள்ளதா? எவ்வாறு உலர்த்தினார்கள்? புதிய பழம் கிடைக்கும் பருவத்திற் பழத்தையே கொடுங்கள். கிடைக்காத பருவத்துக்கே உலர்பழம். இந்த முறைமையைத்தான் பனாட்டுப் பாய் விரித்த நம் மூதாட்டியர் ஆண்டுதோறும் கைக்கொண்டு வந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற மரம் மீண்டும் பழுக்கத் தொடங்கும் இவ்வேளையில், அக்கைப்பழக்கத்தை அறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். வரும் ஆவணியில் அவர்களருகே அமர்ந்து கேட்டுக் கற்றுக்கொள்வதே நாம் செய்யவேண்டிய முதற்பணி.