புட்டிக்குள் வந்த வங்கக் கடல்

வங்கக் கடலின் அடித்தரையில் வாழும் நட்சத்திர மீன்களைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் இன்றும் புரட்ட வேண்டிய புத்தகத்தை எழுதியவர், அந்தக் கடலில் வலை இழுத்தவர் அல்ல. பிரான்சின் லியோன் நகரில் விலங்கியல் பேராசிரியராக இருந்த ரெனே கோலேர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் புட்டிகளை மேசையில் வைத்துக்கொண்டு 1899-ல் ஆழ்கடலின் ஒடியும் நட்சத்திரங்களை (நட்சத்திர மீனின் உறவினங்கள்) பற்றி எழுதினார்; 1909-ல் நட்சத்திர மீன்களைப் பற்றி. இரண்டும் கல்கத்தாவில்தான் வெளியாயின. சினிமாவைத் தந்த லூமியேர் சகோதரர்களின் தங்கை ஜானைக் கட்டிக்கொண்டவர் இவர். மச்சான்மார் ஓடும் ரயிலைப் படம் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், மாப்பிள்ளை அசையாத பிராணிகளின் முட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள். நட்சத்திர மீன்கள் அடங்கிய முட்தோலிகள் பாடத்துக்கு அலமாரியிலிருந்து புட்டிகளை எடுத்து வைத்தால் யாராவது ஒரு பிள்ளை கேட்கும்: “மேடம், உயிரோட இருக்கும்போது இது என்ன கலர்?” நியாயமான கேள்வி. ஸ்பிரிட்டில் போட்ட கொஞ்ச நாளிலேயே சிவப்பு, ஆரஞ்சு, ஊதா எல்லாம் கரைந்து, எல்லா நட்சத்திரமும் பால் குறைந்த டீயின் நிறத்துக்கு வந்துவிடும். கோலேர் பார்த்ததும் அந்த நிறத்தைத்தான். ஆழ்கடல் நட்சத்திரங்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, அவற்றை உயிரோடு பார்க்காதவர்கள் சொன்னது.

ஆழத்தில் உயிரே இல்லை என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1841-ல் பிரிட்டன் நட்சத்திர மீன்களைப் பற்றிப் புத்தகம் போட்டவர். அதே ஆண்டு ஏஜியன் கடலுக்குப் போய் வலை இழுத்தார். கீழே போகப் போக உயிர்கள் குறைவதைக் கண்டு, 300 பாகத்துக்குக் கீழே ஒன்றும் இராது என்று கணக்குப் போட்டார். (தூத்துக்குடி மீனவர்கள் சொல்லும் அதே பாகம்தான், இரண்டு கையையும் விரித்தால் வரும் ஆறடி.) அவருக்கு மறுப்பு முன்கூட்டியே வந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1818-ல் பாஃபின் விரிகுடாவில் ஜான் ரோஸ் பல நூறு பாகம் இறக்கிய ஆழமானிக் கயிற்றில், கிளைகிளையாகக் கை பிரிந்த கூடை நட்சத்திரம் ஒன்று சிக்கி வந்தது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1860-ல் ‘புல்டாக்’ கப்பலின் கயிறு 1260 பாகத்தில், ஏறக்குறைய 2300 மீட்டரில், தரையில் கிடந்துவிட்டு மேலே வந்தபோது 13 ஒடியும் நட்சத்திரங்கள் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தன. உடன் போன வாலிச் என்ற மருத்துவர் எவ்வளவோ வாதாடினார். வழியில் எங்கோ நடுநீரில் ஒட்டியிருக்கும் என்று தட்டிக்கழித்தவர்களும் உண்டு.

இதற்கு நடுவே 1853-ல் நார்வேயின் ஹார்டங்கர் ஃபியோர்டில், 200 பாக ஆழத்திலிருந்து பிரிசிங்கா என்ற பல கை நட்சத்திரத்தை எடுத்தவர் அஸ்பியோர்ன்சன். நார்வேயின் நாட்டார் கதைகளை ஊர் ஊராகப் போய்த் தொகுத்தாரே, அதே ஆள். ஃப்ரேயா தேவதையின் கழுத்தணியை நினைத்துப் பெயர் வைத்தார். கதைக்காரருக்குத்தான் அது தோன்றும்.

1872-லிருந்து 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பலோடு, ஆழத்தில் உயிர் இல்லை என்ற பேச்சு முடிந்தது. கப்பல் திரும்பியதும் பிராணிகளைப் பிரித்து ஆளுக்கொரு வகுப்பாக அனுப்பினார்கள். கடல் முள்ளெலிகள் அமெரிக்காவில் அகாசிக்கு, ஒடியும் நட்சத்திரங்கள் லைமனுக்கு, கடல் அட்டைகள் சுவீடனில் தீலுக்கு. நட்சத்திர மீன்கள் பெர்சி ஸ்லேடனுக்கு. யார்க்‌ஷயர்காரர், கையில் காசு இருந்தது, பல்கலைக்கழகப் பட்டம் இல்லை. அவர் அறிக்கை 1889-ல் வந்தது, 900 பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நூற்றுக்கும் மேற்பட்ட படத்தகடுகளோடு. கப்பல் கரை சேர்ந்து 13 வருடம் ஆகியிருந்தது. தாமதம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு நட்சத்திரத்தின் கைவிளிம்புத் தட்டுகளையும், குழாய்க்காலோர முட்களையும், இடுக்கி போன்ற நுண்ணுறுப்புகளையும் லென்ஸ் வைத்துப் பார்த்து எழுதிப் பழகியவர்களுக்கு அந்த 13 வருடம் எங்கே போனது என்று தெரியும்.

இனி நம் கடல். 1881-ல் பம்பாயில் கட்டிய ‘இன்வெஸ்டிகேட்டர்’ துடுப்புச் சக்கரம் வைத்த மரக்கப்பல். அதன் வேலை கடலோர வரைபடம் போடுவது. பிராணி பிடிப்பது கிடைத்த இடைவெளியில். கப்பலின் வைத்தியரே இயற்கையாளரும். முதலில் கைல்ஸ், 1888-லிருந்து ஆல்ஃப்ரெட் ஆல்காக். ஆயிரம் பாகத்துக்கு வலையை இறக்கி ஏற்ற மணிக்கணக்காகும். குளிர்ந்த இருட்டில் வாழ்ந்த பிராணி வெதுவெதுப்பான மேல்நீரைக் கடந்து, வெயிலடிக்கும் தளத்தில் வந்து விழும். பிரிசிங்கா வகை என்றால் வரும் வழியிலேயே கைகளை உதறிவிடும். உடலின் நடுவட்டு ஓரிடத்தில், கைகள் வேறிடத்தில். எந்தக் கை எந்த வட்டுக்கு என்று பிறகு மேசைக்காரன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். வலையை இழுத்த லஸ்கர் மாலுமிகளின் பெயர் எந்த இனத்துக்கும் வைக்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை.

ஆல்காக்கை எனக்குப் பிடிக்கும், அவர் இரண்டு பக்கமும் இருந்தவர் என்பதால். தளத்தில் நின்று பார்த்தார். 1893-ல் கல்கத்தா அருங்காட்சியகத்தின் தலைமைக்கு வந்து புட்டியிலும் பார்த்தார். அங்கே அவருக்கு முன் தலைமையில் இருந்த வுட்-மேசனோடு சேர்ந்து 1891-லும், தனியாக 1893-லும் புதிய நட்சத்திர இனங்களை விவரித்தார். அவற்றில் ஒன்றுக்கு டிப்சகாஸ்டர் ஸ்லேடனி என்று, சேலஞ்சர் ஸ்லேடனின் பெயர். 1902-ல் எழுதிய ‘எ நேச்சுரலிஸ்ட் இன் இந்தியன் சீஸ்’ புத்தகத்தில் அவருடைய பிராணிகளுக்கு நிறம் உண்டு, வெளிச்சம் உண்டு. ஆனால் ஓர் இனத்தை அடையாளம் காண உட்கார்ந்தால் என் கை கோலேரைத்தான் தேடும். அவர் ஆல்காக்கின் அதே மாதிரிகளை மறுபடி எடுத்து, விட்டுப்போன தட்டுகளையும் முட்களையும் எழுதிச் சேர்த்தார். நிறம் தெரியாதது அவருக்கு ஒரு குறையாகவே இல்லை.

இந்த வேலைக்கு ஸ்பிரிட் ஒரு வரம். ஃபார்மலின் 1890-களில்தான் பழக்கத்துக்கு வந்தது. மலிவு, சதையை நன்றாக இறுக்கும். ஆனால் புளித்துப்போனால் சுண்ணாம்பை அரிக்கும், நட்சத்திர மீனின் எலும்புக்கூடோ முழுக்கச் சுண்ணாம்பு. முட்கள் மொக்கையாகி, தட்டுகள் ஓரம் கரைந்த மாதிரிகளைப் பார்த்தால் வயிறு எரியும். ஒழுங்காக ஸ்பிரிட் ஊற்றிவந்த பழைய புட்டியில் அந்தக் காலத்து முள் கூர்மை மாறாமல் இருக்கும். சேறு தின்னும் போர்சலனாஸ்டர் குடும்பத்தின் வயிற்றைக் கீறினால் அன்று விழுங்கிய கடலடிச் சேறும் அப்படியே கிடைக்கும்.

ஆனால் எல்லாம் லேபிளைப் பொறுத்தது. நிலைய எண், தேதி, அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், தரை சேறா மணலா. பென்சிலிலோ நல்ல மையிலோ எழுதி, புட்டிக்கு உள்ளேயே போட வேண்டும். வெளியே ஒட்டியதைக் கரப்பான் தின்றுவிடும். லேபிள் போன நட்சத்திரம் வகுப்பில் காட்ட உதவும், அவ்வளவே.

1916-ல் அருங்காட்சியகத்தின் விலங்கியல் பகுதி இந்திய விலங்கியல் ஆய்வகமாகப் பிரிந்தது. போர்க்காலத்தில், 1942-ல், குண்டு விழும் என்று பயந்து சேகரிப்புகளைக் காசிக்கு, வருணா நதிக்கரையில் இருந்த கைசர் கேசிலுக்குக் கொண்டுபோனார்கள். ஆனால் 1943-ல் வருணாவில் வெள்ளம் வந்து சேகரிப்பில் நிறையப் பாழாக்கியது. இன்வெஸ்டிகேட்டரின் மாதிரிகள் சில லண்டன் அருங்காட்சியகத்துக்கும் ஏற்கெனவே போயிருந்தது நல்லதாயிற்று. இன்று வங்கக் கடல் நட்சத்திரம் ஒன்றின் பெயரைச் சரிபார்க்க நினைப்பவர் முதலில் கல்கத்தாவுக்கு எழுதுவார், பிறகு லண்டனுக்கு. இரண்டிடத்திலும் கிடைக்கவில்லையென்றால் கோலேரின் 1909 புத்தகத்தில் இருக்கும் படத்தகடுதான்.