உலாவியில் உடைந்த எழுத்து: திறமூல மென்பொருளும் இருமொழி எல்லையின் வாசகரும்

1956 நவம்பர் 1ஆம் நாள் மாநில எல்லைகள் மாற்றியமைக்கப்பட்டபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் வரும் பாறசாலை, அதனை அடுத்த செங்கல் முதலிய ஊர்கள் அன்று முதல் எல்லைப்புற ஊர்களாயின. இப்பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே கடைவீதியில், சில வேளைகளில் ஒரே வீட்டில் புழங்குவன. அச்சு நாளிதழைப் பொறுத்தவரை இதில் சிக்கல் ஏதுமில்லை. இரு எழுத்தும் அறிந்த ஒருவர் காலையில் இரண்டு நாளிதழ்களையும் அடுத்தடுத்து விரிக்கலாம். தாளுக்கு எந்த எழுத்தும் ஒன்றே.

கணினித் திரைக்கு அவ்வாறில்லை. 1990களின் இறுதியில் இந்திய நாளிதழ்கள் இணையத்துக்கு வந்தபோது, தாளில் இல்லாத புதிய எல்லை ஒன்று வாசகருக்கும் எழுத்துக்கும் இடையே எழுந்தது. அந்த எல்லையைத் தகர்த்ததில் திறமூல உலாவிகளுக்கும், அவற்றைச் சூழ்ந்திருந்த தன்னார்வலர்களுக்கும் உள்ள பங்கு நம் மொழி வரலாற்றில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. அப்பங்கு எத்தகையது, அதன் வரம்புகள் யாவை, அது விட்டுச்சென்ற கடன் என்ன என்பனவற்றைத் தொகுத்து நோக்குவது பயனுடையது.

முதலில் அக்கால நிலை. தமிழ் ஒருங்குறித் தரத்தின் முதற்பதிப்பிலேயே (1991) இடம்பெற்றுவிட்டது. ஆயினும் அதனைத் திரையில் ஒழுங்காகக் காட்டவல்ல இயங்குதளங்கள் அப்போது பயனர் கைக்கு வரவில்லை. விண்டோஸ் 2000 வந்த பின்னரே அத்தளத்தில் 'லதா' எழுத்துருவோடு தமிழ் உள்ளமைந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துருவையும், அதனுள் தனக்கென ஒரு குறியீட்டு முறையையும் வைத்துக்கொண்டது. இலத்தீன் எழுத்துகளுக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை அமர்த்துவதே இம்முறை. எழுத்துரு இல்லாத கணினியில் செய்தி முழுவதும் பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றும். மலையாள நாளிதழ்களின் நிலையும் இதுவே. மலையாள மனோரமாவின் எழுத்துரு மாத்ருபூமியின் பக்கத்துக்கு உதவாது. இரு மொழியும் படிக்கும் வாசகர் தளத்துக்கு ஒன்றாக எழுத்துருக்களைத் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது.

தமிழர் இதற்குப் பொதுத்தரம் காண முயன்றனர். இணைய மடற்குழுக்களின் விவாதத்தில் 'தகுதரம்' என்னும் திஸ்கி உருவாயிற்று. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு 'தாப்', 'தாம்' என்னும் இரு குறியீட்டு முறைகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் ஏற்றது. ஆக, பொதுத்தரம் தேடிய முயற்சியின் முடிவில் தரங்கள் பலவாயின. மொழியியல் நோக்கில் இவற்றுக்கிடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. 'கொ' என்னும் உயிர்மெய்யைத் திஸ்கி கண் காணும் வரிசையில் சேமிக்கும்: ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என. ஒருங்குறியோ ஒலிக்கும் வரிசையில் சேமிக்கும்: முதலில் ககரம், பின்னர் ஒகரக் குறி. முதலாவது முறையில் உலாவி சிந்திக்க வேண்டியது எதுவுமில்லை. வந்த வரிசையில் வரைந்தால் போதும். இரண்டாவதில் உலாவி ஓரளவு இலக்கணம் அறிந்திருக்க வேண்டும். ஒகரக் குறியைப் பிரித்து, ஒரு பாதியை மெய்க்கு முன்னும் மறுபாதியைப் பின்னும் நிறுத்தும் பொறுப்பு அதனுடையது. தமிழ் ஒருங்குறிக்கு மாறியபோது, எழுத்தின் முழுமையைக் காக்கும் கடமை எழுத்துருவிடமிருந்து உலாவிக்கும் இயங்குதளத்துக்கும் கைமாறியது.

இந்தக் கைமாற்றம் நிகழ்ந்த காலத்திலேயே உலாவியின் உலகும் மாறியது. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998 மார்ச் 31 அன்று தன் உலாவியின் மூலநிரலைப் பொதுவில் வெளியிட்டது. மொசில்லா திட்டம் அதிலிருந்து வளர்ந்தது. 2004 நவம்பர் 9 அன்று பயர்பாக்ஸ் 1.0 வெளிவந்தது. தமிழ் வலைப்பதிவர்கள் அதற்கு 'நெருப்பு நரி' எனப் பெயரிட்டு வழங்கினர். அதே ஆண்டில்தான் தமிழ்மணம் திரட்டி தொடங்கப்பெற்று, சிதறிக் கிடந்த வலைப்பதிவுகள் ஓரிடத்தில் திரண்டன. எழுதுவோரும் வாசிப்போரும் பெரும்பாலும் ஒருவரேயாக இருந்த இச்சிறு உலகம், உலாவியின் குறைகளை முதலில் கண்டறியும் ஆய்வுக்கூடமாகவும் அமைந்தது.

குறைகள் பல. முதலாவது, நாளிதழ்களைப் பற்றியது. 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 4 ஆகிய இரண்டும் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து இறக்கும் 'இயங்கு எழுத்துரு' நுட்பத்தை ஒன்றுக்கொன்று ஒவ்வாத வடிவங்களில் கொண்டிருந்தன. மொசில்லா உலாவியின் காட்சிப் பொறி புதிதாக எழுதப்பட்டபோது நெட்ஸ்கேப்பின் வடிவம் கைவிடப்பட்டது. மைக்ரோசாஃப்டின் வடிவமோ அந்நிறுவனத்தின் உலாவிக்கே உரியது. எனவே இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் தடையின்றித் திறந்த செய்தித்தளம் பயர்பாக்ஸில் குப்பைக் குறிகளாகத் தெரிந்தது. கட்டற்ற மென்பொருளைக் கொள்கையாக ஏற்றவர் தம் தாய்மொழிச் செய்தியை இழக்க நேர்ந்தது.

இதற்கான தீர்வு எந்த நிறுவனத்திடமிருந்தும் வரவில்லை. பயர்பாக்ஸ் தன் மேல் பிறர் எழுதிச் சேர்க்கும் நீட்சிகளுக்கு இடம் தந்திருந்தது. அவ்வழியில் உருவான 'பத்மா' என்னும் நீட்சி, பல்வேறு இந்திய மொழித் தளங்களின் தனிக்குறியீடுகளைப் படிக்கும் கணத்திலேயே ஒருங்குறிக்கு மாற்றிக் காட்டியது. தெலுங்கு, மலையாளம், தமிழ் ஆகியன அது கையாண்ட மொழிகளுள் சில. ஒவ்வொரு நாளிதழின் எழுத்துருவையும் ஆராய்ந்து, எந்தக் குறி எந்த எழுத்தைக் குறிக்கிறது என்று அட்டவணை வகுத்தாலன்றி இது இயலாது. செயலளவில் இது ஒரு கல்வெட்டாய்வாளரின் உழைப்புக்கு நிகரானது. பாறசாலையிலோ செங்கலிலோ இருமொழி வாசகர் ஒருவர் இரண்டு மொழி நாளிதழ்களையும் எழுத்துரு நிறுவாமலே ஒரே உலாவியில் படிக்கும் வாய்ப்பை இந்த நீட்சி அளித்தது. உலாவிக்குள்ளேயே தமிழைத் தட்டெழுத உதவிய 'தமிழ்விசை' நீட்சியும் இதே வகையினது.

இரண்டாவது குறை ஒருங்குறிப் பக்கங்களையே தாக்கியது. பயர்பாக்ஸ் 2 வரையிலான பதிப்புகளில், பத்தியின் இரு ஓரங்களையும் சமப்படுத்தி அமைத்த பக்கங்களில் தமிழ் உடைந்தது. வரியை நிரப்புவதற்கான இடைவெளி எழுத்துக் கூட்டங்களை மதியாமல் குறிகளுக்கிடையே புகுந்ததால், கொம்பும் காலும் மெய்யை விட்டு விலகின. இலத்தீன் எழுத்தில் இடைவெளி எங்கு விழுந்தாலும் எழுத்து எழுத்தாகவே நிற்கும். தமிழில் உயிர்மெய் சிதையும். லினக்ஸில் வேறொரு சிக்கல். சிக்கலான எழுத்துமுறைகளை வடிவமைக்கும் 'பாங்கோ' நூலகத்தைப் பயன்படுத்தாமலே மொசில்லாவின் அலுவல்முறைப் பதிப்பு கட்டப்பட்டிருந்தது. ஃபெடோரா போன்ற வழங்கல்கள் அதனை இயக்கிய தம் பதிப்புகளை அளித்தன. ஒரே உலாவி, ஒரே பெயர், ஒரே எண். ஆனால் எங்கிருந்து பெற்றார் என்பதைப் பொறுத்து ஒருவருக்குத் தமிழ் தெரிந்தது, மற்றவருக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் 'சமூக ஆதரவு' என்னும் சொல்லைச் சற்று நின்று ஆராய வேண்டும். மொசில்லாவின் வழுப்பதிவுத் தளமான பக்ஸில்லாவில் எவரும் குறையைப் பதியலாம். நிறுவன மென்பொருளில் இல்லாத பெருவாய்ப்பு அது. ஆனால் பதிய வேண்டிய மொழி ஆங்கிலம். பதிபவர் 'எழுத்து உடைகிறது' என்று மட்டும் சொன்னால் போதாது. தமிழ் அறியாத நிரலாளருக்குச் சரியான வடிவம் எது, பிழையான வடிவம் எது என்று படத்தோடு காட்ட வேண்டும். உயிர்மெய் ஏன் பிரிக்கப்படக்கூடாது என்று விளக்க வேண்டும். பிழையை மீண்டும் நிகழ்த்திக் காட்டும் சிறு பக்கமொன்றையும் எழுதித்தர வேண்டும். ஆங்கில வாசகருக்குக் குறை வந்தால் அது நிரலாளரின் கண்ணிலும் படும். தமிழ் வாசகரின் குறை, யாரேனும் ஒருவர் மொழிபெயர்த்துக் கொண்டுசேர்க்கும் வரை இல்லாததற்குச் சமம். கதவு திறந்திருந்தது மெய். வாயில்வரை நடக்கும் தொலைவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. இடைநின்று அத்தொலைவைக் குறைத்தவர்களே இவ்வரலாற்றின் மையம். மறுபுறம், வழு தீரும்வரை வலைப்பதிவர்கள் கண்ட உடனடி மருந்து எளியது: தம் வார்ப்புருக்களிலிருந்து சமப்படுத்தும் கட்டளையை நீக்குமாறு ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டனர். உலாவி தமிழுக்கு இசையும்வரை தமிழ்ப் பக்கம் உலாவிக்கு இசைந்தது.

2008 ஜூன் 17 அன்று வெளியான பயர்பாக்ஸ் 3 இந்நிலையை மாற்றியது. எழுத்துகளை வரையும் பகுதி புதிதாக எழுதப்பட்டது. எழுத்துக் கூட்டம் ஓரலகாகக் கையாளப்பட்டது. சமப்படுத்திய பத்திகளிலும் தமிழ் நிலைத்தது. லினக்ஸ் பதிப்பில் பாங்கோ இயல்பாக அமைந்தது. முதல் 24 மணிநேரத்தில் 80,02,530 முறை தரவிறக்கப்பட்டு அப்பதிப்பு கின்னஸ் சாதனை படைத்ததை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. தமிழ் வாசகருக்கோ அதன் முதன்மை வேறு: உடையாத 'கொ'. அடுத்த ஆண்டு ஜூனில் வந்த பயர்பாக்ஸ் 3.5, பொதுத்தர எழுத்துருக் கோப்புகளைப் பக்கத்தோடு இறக்கும் வசதியைத் தந்தது. ஓர் உலாவிக்கு மட்டும் உரியதாக இருந்த இயங்கு எழுத்துருவின் தேவை அதனோடு குறையத் தொடங்கியது.

எழுத்து சரியானபின் இடைமுகம். பயர்பாக்ஸ் தமிழில் இரு தனிப் பதிப்புகளாக வந்தது: பொதுத்தமிழுக்கு ஒன்று, இலங்கைத் தமிழுக்கு ஒன்று. கலைச்சொல்லாக்கத்தில் இம்மொழிபெயர்ப்பு தனித்தன்மை உடையது. ஒரே சாளரத்தில் பல பக்கங்களைத் திறந்துவைக்கும் உறுப்பைப் பயர்பாக்ஸ் 'கீற்று' என்கிறது. கூகுளின் குரோம் 'தாவல்' என்கிறது. முன்னது உருவத்தைச் சுட்டுவது, பின்னது செயலைச் சுட்டுவது. எது சிறந்தது என்பது வேறு வினா. இரு நெறிகள் ஒரே காலத்தில் கோடிக்கணக்கானோர் கைக்கு எட்டும் கருவிகளில் போட்டியிட்டது கலைச்சொல் வரலாற்றில் புதிது. அகராதிக் குழுவின் ஒப்புதலின்றி, பயன்பாட்டின் வழியே சொற்கள் சோதிக்கப்பட்டன.

2011இல் பயர்பாக்ஸ் ஆறு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்னும் விரைவுநெறிக்கு மாறியது. ஆண்டுக்கு ஒருமுறை கூடி உழைத்த தன்னார்வலர் இனி ஓய்வின்றி உழைக்க வேண்டும். இலங்கைத் தமிழுக்கான தனிப் பதிப்பு பின்னாளில் நின்றுபோனது. இன்று வழங்குவது ஒரே தமிழ்ப் பதிப்பு.

எல்லையின் மலையாளப் பக்கத்தில் நிறுவன ஆதரவு கூடுதலாக இருந்தது. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை திருவனந்தபுரத்தில் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்குக் கொண்டுசென்றது. 2002இல் உருவான 'சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' குழு எழுத்துரு, மொழிபெயர்ப்பு, வழுத்திருத்தம் ஆகியவற்றை ஒருசேர மேற்கொண்டது. மலையாளத்தின் சிக்கல் தமிழினும் கடியது. சில்லெழுத்துகள் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியின் துணையோடு எழுதப்பட்டு வந்தன. 2008இல் ஒருங்குறி 5.1 அவற்றுக்குத் தனி இடங்களை அளித்தபோது கடும் விவாதம் எழுந்தது. அவ்விவாதத்தை நடத்துவதற்கு அங்கே அமைப்பு ஒன்று இருந்தது. தமிழில் ஆற்றல் மிகுதி. ஆனால் சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், ஐரோப்பா எனச் சிதறியிருந்தது. அதே மலையாளக் குழு 'மீரா இனிமை' என்னும் தமிழ் எழுத்துருவையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டிருக்கிறது. எல்லைத் தகராறுகளையே எழுதிப் பழகிய வரலாற்றில் இதற்கும் ஒரு பத்தி தேவை.

இன்று பயர்பாக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்திலும் தமிழை வடிவமைப்பது 'ஹார்ஃப்பஸ்' என்னும் திறமூல நூலகம். அப்பெயரே பாரசீகச் சொற்களால் ஆனது; ஈரானில் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் அதனை முன்னின்று வளர்த்தார். இலத்தீன் அல்லாத எழுத்துக்கு உரியவர் ஒருவர் அடித்தளத்தில் பணியாற்றியதன் பயனைத் தமிழும் மலையாளமும் துய்க்கின்றன. சிக்கல் தீர்ந்ததும் அதன் நினைவும் மறைந்தது. இன்றைய மாணவருக்கு உடைந்த 'கொ' என்பது கேள்விப்படாத செய்தி.

ஆனால் கடன் ஒன்று தீரவில்லை. 2017 நவம்பரில் வெளியான பயர்பாக்ஸ் 57, பழைய முறையில் எழுதப்பட்ட நீட்சிகளைக் கைவிட்டது. விரைவும் பாதுகாப்பும் கருதிய அம்முடிவுக்குக் காரணங்கள் உண்டு. எனினும் புதிய முறைக்கு மாற்றி எழுதப்படாத நீட்சிகள் யாவும் ஒரே நாளில் செயலற்றன. தனிக்குறியீடுகளைப் படிக்கக் கற்றுத்தந்த அட்டவணைகளில் எவை எவர் கையில் உள்ளன என்பது இப்போது வரலாற்றாய்வாளரின் கேள்வியாகிறது. ஏனெனில் 1990களின் இறுதி முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குத் தமிழிலும் மலையாளத்திலும் இணையத்தில் எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி அக்குறியீடுகளிலேயே உறைந்து கிடக்கிறது. இணைய ஆவணக்காப்பகத்தில் பக்கம் திறக்கும், எழுத்து திறக்காது. தேடுபொறிக்கு அது தமிழே அன்று.

ஓலைச்சுவடியைப் படிக்கப் பயிற்சி தரும் துறைகள் நம் பல்கலைக்கழகங்களில் உண்டு. இருபதாண்டுக்கு முந்தைய நாளிதழ்ப் பக்கத்தைப் படிப்பதற்கும் பயிற்சி தேவைப்படும் நிலை வந்துவிட்டது. எழுத்துருக்களையும் குறியீட்டு அட்டவணைகளையும் திரட்டுவதும், அக்காலத்து வழுப்பதிவுகளையும் மடற்குழு விவாதங்களையும் மொழியியல் தரவுகளாகப் பாதுகாப்பதும் உடனடியாகத் தொடங்கத்தக்க பணிகள். தன்னார்வலர்கள் ஊதியமின்றி முதற்பணியை முடித்துவிட்டனர். அதனை ஆவணமாக்கும் பணி ஊதியம் பெறும் கல்விப்புலத்துக்கு உரியது.