எண்ணப்படாத ஆண்டுகள்: செவிலியர் உதவியாளரும் செவிலியர் கல்வியும்

சங்கரன்கோவில் போன்ற வட்டத் தலைநகரங்களில் தனியார் மருத்துவமனைகள் செவிலியர் உதவியாளர்களின் உழைப்பைச் சார்ந்தே இயங்குகின்றன. புண்ணுக்குக் கட்டுப்போடுவது, படுக்கையிலிருக்கும் நோயாளியைத் துடைத்துத் தூய்மை செய்வது, இரவெல்லாம் விழித்திருந்து காய்ச்சலின் அளவைக் குறித்துவைப்பது ஆகியவை அவர்களது அன்றாடப் பணிகள். நோயாளிகள் அவர்களை 'நர்சம்மா' என்றே அழைக்கின்றனர். சட்டமோ அவர்களைச் செவிலியராக ஏற்பதில்லை.

சட்டம் அறிந்த படிநிலைகள்

1947ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்தின்கீழ் அங்கீகரிக்கப்பட்ட அடிப்படைப் படிப்புகள் மூன்று: இரண்டாண்டுத் துணைச் செவிலியர் படிப்பு (ஏ.என்.எம்.), மூன்றாண்டுப் பட்டயப் படிப்பு (ஜி.என்.எம்.), நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங். இவற்றுள் ஒன்றை முடித்தவரே மாநிலக் குழுமத்தில் பதிவு பெற இயலும். செவிலியர் உதவியாளருக்கு அப்பதிவு இல்லை. திறன் மேம்பாட்டுத் திட்டங்கள் வழங்கும் 'ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட்' சான்றிதழும் செவிலியர் கல்விக்கான நுழைவுத் தகுதியாகாது.

பதிவு பெற்ற துணைச் செவிலியர் பட்டயப் படிப்பில் சேர விதி வழிவிடுகிறது. உதவியாளரோ பத்தாண்டு பணியாற்றியிருந்தாலும், பள்ளி முடித்து நேரே வந்த மாணவியோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். பட்டயப் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் 40 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். வயது உச்சவரம்பு 35. குடும்பச் சுமையால் பத்தாம் வகுப்போடு வேலைக்கு வந்த பெண்ணுக்கு முதல் தடை இதுவே.

தொடும் கையும் உயரும் கையும்

உடலையும் உடற்கழிவையும் தீட்டென்று கருதிய சமூகத்தில் செவிலியப் பணி நெடுங்காலம் இழிவாகவே பார்க்கப்பட்டது. வேலூர் கிறித்துவ மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி தோன்றியது. 1946இல் அங்குப் பட்டப்படிப்பும் தொடங்கியது. கல்வியும் பதிவும் கிடைத்தபின் அப்பணி மதிப்புடைய தொழிலாயிற்று. ஆனால் துடைப்பதும் கழுவுவதும் பதிவில்லாத கைகளுக்கே ஒதுக்கப்பட்டன. 2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில் பட்டியல் சாதிச் சிறார்களுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொலி நாட்டை அதிர வைத்தது. கடையில் தீண்டாமையைச் சந்திக்கும் சமூகத்தின் பெண்கள், மருத்துவமனையில் எவருடைய உடலையும் தொட்டுப் பேணலாம். அத்திறன் கல்வித் தகுதியாக மாற மட்டும் வழியில்லை.

பிரிட்டனிலும் இதற்கு இணையுண்டு. 1943ஆம் ஆண்டின் சட்டம் அங்கு இரண்டாம் நிலைச் செவிலியர் பிரிவை உருவாக்கியது. போருக்குப்பின் வந்த கரீபியப் பெண்கள் பலர் அப்பிரிவுக்குள் தள்ளப்பட்டு, பதவி உயர்வின்றித் தேங்கினர். பின்னர் அவர்கள் முழுத் தகுதி பெற மாற்றுப் படிப்புகள் திறக்கப்பட்டன. இன்று இங்கிலாந்தில் 'நர்சிங் அசோசியேட்' எனும் இடைநிலைப் பணியாளர் பதிவு பெறுகின்றனர். அவர்களது முன்பயிற்சி செவிலியர் பட்டப்படிப்பில் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இருக்கும் உரிமைகள், வேண்டிய மாற்றங்கள்

தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு இடஒதுக்கீடு உண்டு. அதனுள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2009 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்துக்கு மிகாதவர்க்குப் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை கிடைக்கும். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்புவரை பயின்ற பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டம் மாதம் ரூ.1,000 வழங்குகிறது. எனினும் இவை கல்விச் செலவுக்கான துணைகளே; மூன்றாண்டுகள் நின்றுபோகும் சம்பளத்தை ஈடுசெய்பவை அல்ல. வீட்டில் அடுப்பெரிய அந்தச் சம்பளமே ஆதாரம் எனில், சேர்க்கைக் கடிதம் கையில் இருந்தும் பயனில்லை.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பணி அனுபவத்தைத் தேர்வின் வழி மதிப்பிட்டுப் பயிற்சிக் காலத்தில் கழித்தல். பணியாற்றிய ஆண்டுகளுக்கு ஈடாக வயது வரம்பைத் தளர்த்துதல். அரசுச் செவிலியர் பள்ளிகளில் உதவியாளர்களுக்குத் தனி இடங்களும் வாழ்வூதியமும் அளித்தல். பன்னிரண்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுத விரும்புவோர்க்கு உள்ளூரிலேயே மாலைநேரப் பயிற்சி நடத்துதல். இவற்றுள் கடைசியானதை அரசாணைக்குக் காத்திராமல் மாணவர் அமைப்புகளே சங்கரன்கோவிலில் இன்றே தொடங்கலாம்.