நாட்காட்டியும் தராசும்

மருந்துக் கடைக்கு ஒரு பெண் வந்து வாந்திக்கு மாத்திரை கேட்கிறார். அங்கே பயிற்சிக்கு நிற்கும் பி.ஃபார்ம். மாணவர் முதலில் கேட்க வேண்டியது, "நாள் ஏதும் தள்ளிப்போயிருக்காக்கா?" என்பது. அவர் போனதும் இன்னொருவர் வந்து குழந்தையின் காய்ச்சலுக்கு மருந்து கேட்கிறார். இப்போது முதல் கேள்வி, "குழந்தை எத்தனை கிலோங்க?" என்பது. முன்னது நாட்காட்டியைப் பார்க்கும் கேள்வி. பின்னது தராசைப் பார்க்கும் கேள்வி. தாய்-சேய் நலம் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோமே, அந்தப் பாடத்துக்குள் இப்படி இரண்டு கணக்குகள் இருக்கின்றன. இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்.

பாடத்திட்டத்திலேயே இவை தள்ளித் தள்ளித்தான் இருக்கின்றன. பி.ஃபார்ம். படிப்பில் குழந்தைக்கான மருந்தளவைக் கணக்கிடுவது முதல் பருவத்திலேயே வந்துவிடுகிறது. தாய்க்கும் சேய்க்குமான தேசிய நலத்திட்டங்களோ எட்டாம் பருவத்தில்தான் வருகின்றன. கருவைக் குறைபடுத்தும் மருந்துகளைப் பற்றிய அறிமுகம் நடுவில் எங்கோ நச்சியலோடு சேர்ந்து நிற்கிறது. பள்ளியை விட்டு வந்த சூட்டில் தராசு கைக்கு வருகிறது. பட்டம் வாங்கும் தறுவாயில் தாய் வருகிறார். டி.ஃபார்ம். படிப்புக்கான 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், தாய்-சேய் நலம் இடம்பெறும் சமூக மருந்தியலை முதலாண்டிலேயே வைத்திருக்கின்றன. இரண்டே ஆண்டுப் படிப்பில் இவை நெருங்கி உட்கார்ந்திருப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன். ஏன் என்பது போகப்போகத் தெரியும்.

நாட்காட்டிப் பாடத்தின் அடித்தளம், கருவைக் குறைபடுத்திய தாலிடோமைடு என்ற மருந்து. அந்தத் துயரக் கதையை மாணவர்கள் அறிவார்கள். அதற்குள் இருக்கும் நாள்கணக்கைத்தான் வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால், ஏறத்தாழ 34ஆம் நாள் முதல் 50ஆம் நாள் வரை. அந்த இரண்டு வாரச் சொச்சத்துக்குள் விழுங்கிய மாத்திரைதான் பெரும் கேட்டைச் செய்தது. அதற்குள்ளும் ஒரு வரிசை உண்டு: காதுகள் முன்னே, கைகள் அடுத்து, கால்கள் அதன்பின். மருந்து ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். எந்த நாளில் உள்ளே போயிற்று என்பதைப் பொறுத்து விளைவு மாறியது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் உடலில் அந்த நாட்காட்டி பதிந்தது.

தராசுப் பாடத்தின் அடித்தளம் யங், கிளார்க் ஆகியோர் பெயரிலான விதிகள். குழந்தையின் வயதை, அதே வயதோடு பன்னிரண்டைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்தால், பெரியவர் அளவில் எத்தனை பங்கு என்பது யங் விதி. நான்கு வயதுக்குக் கால் பங்கு. கிளார்க் விதி அதையே எடையைக்கொண்டு செய்கிறது. கரும்பலகையில் போட்டால் மாணவர் முகம் மலரும் கணக்கு இது. ஆனால் அந்தக் கணக்கின் எல்லை 1959இல் தெரிந்தது. குளோராம்ஃபெனிகால் கொடுக்கப்பட்ட குறைமாதக் குழந்தைகள் சாம்பல் நிறமாகி இறந்தன. எடைக்கேற்பத்தான் மருந்தை அளந்திருந்தார்கள். மூத்த குழந்தைகள் தாங்கிய அளவுதான் அது. பிறந்து சில நாளே ஆன கல்லீரலில், அந்த மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி போதிய அளவுக்கு இன்னும் உருவாகியிருக்கவில்லை. பிறந்து எத்தனை நாள் என்று கேட்காமல் கிலோவை மட்டும் கேட்டதில் வந்த வினை.

முதல் வியப்பு இங்கேயே கிடைத்துவிடுகிறது. குழந்தைப் பாடம் தராசைத் தாண்டி நாட்காட்டியிடம் போய் நிற்கிறது. தாய்ப்பாடம் தராசிடம் வருமா? வருகிறது. கருவின் நரம்புக் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போனது உறுதியாகிப் பெண் கடைக்கு வரும்போது அந்தக் கதவு பெரும்பாலும் மூடியாயிற்று. அதனால் ஃபோலிக் அமிலத்தைக் கருத்தரிக்கும் முன்பே தொடங்கச் சொல்கிறோம், இதுவரை நாட்காட்டி. பொதுவாக 0.4 மில்லிகிராம் போதும். முன்பு நரம்புக் குழாய்க் குறையுள்ள குழந்தை பிறந்திருந்தால் 4 மில்லிகிராம் வேண்டும். 1991இல் வெளியான பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வு மன்றத்தின் ஆய்வில், அந்தக் குறை மறுபடி வருவதை 72 விழுக்காடு குறைத்தது இந்தப் பெரிய அளவுதான். புள்ளி ஓரிடம் நகர்ந்தால் பத்து மடங்கு. இது முழுக்கத் தராசு.

மக்கள் செய்யும் பிழைகளிலும் ஒரு தலைகீழ்ச் சமச்சீர் உண்டு. கர்ப்பிணி விஷயத்தில் பிழை அச்சத்தால் வருகிறது. குழந்தை விஷயத்தில் பழக்கத்தால் வருகிறது. "மாசமா இருக்கிறவ மாத்திரையே தொடக்கூடாது" என்று வீட்டில் ஒருவர் சொல்ல, தைராய்டு மாத்திரை நின்றுபோகிறது. கர்ப்பத்தில் அந்த மாத்திரையின் தேவை குறைவதில்லை. பெரும்பாலோருக்குக் கூடத்தான் செய்கிறது. வலிப்பு மருந்தும் ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்தும் இப்படித்தான் கைவிடப்படுகின்றன. வலிப்பு மருந்துகளில் வால்புரோயேட் போலக் கருவுக்குக் கேடானவை உண்டு என்பது உண்மை. ஆனால் அதற்கு வழி, கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் மாற்றிக்கொள்வது. தானாக நிறுத்துவது ஆகாது.

குழந்தைக்கு வந்தால் அந்த அச்சம் காணாமல் போகிறது. அப்பாவின் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்கிறார்கள். போன மாதத்துச் சிரப்பை எடுத்துச் சங்கில் ஊற்றிப் புகட்டுகிறார்கள். பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். பத்து கிலோக் குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்றால் சிரப்பில் 6 மில்லி, சொட்டு மருந்தில் ஒன்றரை மில்லி. சிரப்பின் அளவைச் சொட்டு மருந்துக் குப்பியிலிருந்து ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும். காய்ச்சல் நிற்கவில்லையே என்று அதையே நாளைக்கு நான்கு முறை கொடுத்த வீட்டை நினைத்துப் பாருங்கள். சங்குக்கும் கரண்டிக்கும் கோடு கிடையாது. குப்பியோடு வரும் அளவுக் குழலில் பேனாவால் கோடு போட்டுக் கொடுப்பதை மாணவர் தம் கையால் செய்து பழக வேண்டும். எழுத்துத் தேர்வில் இதற்கு மதிப்பெண் கிடைக்காது. ஆனாலும் எனக்கு இது முதன்மையான செய்முறைப் பயிற்சியாகத் தோன்றுகிறது.

இத்தனை எதிரெதிராக நிற்கும் இரண்டுக்கும் அடியில் ஓர் உறவு ஓடுகிறது. இரண்டிலும் மருந்து வாங்க வந்து நிற்பவர் வேறு, மருந்து போய்ச் சேரும் உயிர் வேறு. குழந்தையின் மருந்துச் சீட்டோடு வருபவர் தந்தையோ சித்தியோ பக்கத்து வீட்டுக்காரரோ. கர்ப்பிணியின் சீட்டோடு அவரே வந்தாலும் இன்னொருவர் உள்ளே இருக்கிறார். சில வேளை வந்தவருக்கே அது தெரியாது. தன் வலியைத் தானே சொல்ல முடியாத ஒருவருக்காக, வேறொருவரிடம் கேள்வி கேட்கும் கலையைத்தான் இரண்டு பாடமும் கற்பிக்கின்றன.

பேச முடியாத இவர்களை ஆராய்ச்சியும் வெளியில் நிறுத்தியது. குழந்தைகளிடம் சோதித்துப் பார்க்காத மருந்துகளால் அவர்களுக்கு மருத்துவம் செய்ய வேண்டியிருந்த நிலையைக் கண்டு, ஹாரி ஷெர்கி என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1960களில் அவர்களை மருத்துவ அநாதைகள் என்று அழைத்தார். 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களை மருந்துச் சோதனையின் தொடக்கக் கட்டங்களில் சேர்க்க வேண்டாம் என்றது. 1993இல்தான் அதை மாற்றிக்கொண்டது. இருவரையும் விலக்கியதற்குச் சொன்ன காரணம் ஒன்றே: பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பின் விலையாக, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத் தாளில் இருவருக்கும் நேரே ஒரே வாசகம் வந்தது, போதிய தரவு இல்லை என்று.

இந்த உறவு ஒருவரின் வாழ்க்கையாகவே நடந்தும் இருக்கிறது. வகுப்பில் ஒரு முழு மணி நேரத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பேன். 1937இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடை விழுங்க எளிதான இனிப்பு நீர்மருந்தாக்க, டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் 34 பேர் குழந்தைகள். நஞ்சு மருந்தில் இல்லை, கரைப்பானில் இருக்கிறது என்று விலங்குகளில் சோதித்துக் காட்டியது சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங்கின் ஆய்வுக்கூடம். அங்கே வேலை செய்த ஆராய்ச்சி மாணவி ஒருவரின் பெயர் ஃபிரான்சஸ் ஓல்டம். அந்த இறப்புகளால் 1938இல் புதிய சட்டம் வந்தது: விற்பனைக்கு முன் மருந்தின் பாதுகாப்பை நிறுவ வேண்டும். உலகப் போர்க் காலத்தில் மலேரியா மருந்துகளை ஆராய்ந்தபோது, தாய் முயல் சிதைத்துவிடும் குயினைனை அதன் கருவால் சிதைக்க முடிவதில்லை என்பதை ஓல்டம் கண்டார்.

1960இல் உணவு மருந்து நிர்வாகத்தில் அவர் சேர்ந்தபோது அவர் பெயர் ஃபிரான்சஸ் கெல்சி. மேசைக்கு வந்த முதல் கோப்புகளில் ஒன்று தாலிடோமைடு. அந்த 1938ஆம் ஆண்டுச் சட்டப்படி அறுபது நாளுக்குள் மறுப்புச் சொல்லாவிட்டால் மருந்து தானாகவே கடைக்கு வந்துவிடும். ஒவ்வொரு தவணையிலும் மேலும் தரவு வேண்டும் என்று எழுதியெழுதி அவர் கோப்பை நிறுத்தி வைத்தார். குழந்தைகளைக் கொன்ற குப்பியிலிருந்து வந்த சட்டம், அந்தக் குப்பியின் பக்கத்தில் நின்ற மாணவியின் கை வழியாகவே அமெரிக்கத் தாய்மாரைக் காத்தது. தாய்ப்பாடமும் சேய்ப்பாடமும் தனித்தனி ஆசிரியர்களிடம் இருக்கும் கல்லூரிகளில், கெல்சியை யார் பங்கில் சேர்ப்பார்கள்?

1937இன் கதை முடிந்துபோன வரலாறு என்று மாணவர் நினைத்துவிடக் கூடாது. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். கலந்திருந்தது அதே டைஎத்திலீன் கிளைக்கால். மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இந்த வரியைத் தமிழ்நாட்டு வகுப்பறையில் விரைந்து கடக்க எனக்கு மனம் வரவில்லை.

இருவருக்கும் இடையே இடம் மாறிக்கொண்ட மருந்தும் உண்டு. அமெரிக்கர்கள் 81 மில்லிகிராம் ஆஸ்பிரினைக் குழந்தை ஆஸ்பிரின் என்றே அழைத்து வந்தார்கள். வைரஸ் காய்ச்சலில் ஆஸ்பிரின் கொடுத்த குழந்தைகளுக்கு ரை நோய்க்குறி வருவது 1980களில் தெளிவான பிறகு அது குழந்தைகளை விட்டு விலகியது. அதே ஆஸ்பிரின் இன்று கர்ப்பிணிகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. ஆபத்து மிகுந்தவர்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி நாள்தோறும் 150 மில்லிகிராம் கொடுத்தபோது, கர்ப்பகால ரத்த அழுத்தம் முற்றிக் குறைமாதத்திலேயே பிரசவிக்க வேண்டி வருவது 62 விழுக்காடு குறைந்தது என்று 2017இல் வெளியான ஆய்வு காட்டியது. குழந்தைக்கு ஆகாதென விலக்கிய மருந்து, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வாரங்களைச் சேர்த்துக் கொடுக்கிறது.

இரண்டு பாடமும் ஒரே சூத்திரத்தில் எழுதப்படும் இடம் தாய்ப்பால். குழந்தை கிலோவுக்கு நாளொன்றுக்கு 150 மில்லி பால் குடிப்பதாகக் கொண்டு, பால் வழியாக அதற்குச் சேரும் மருந்தைக் கிலோவுக்குக் கணக்கிடுகிறோம். தாய் கிலோவுக்கு எடுத்துக்கொள்ளும் அளவால் அதை வகுக்கிறோம். பத்து விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான மருந்துகளில் பாலூட்டலை நிறுத்தத் தேவையில்லை. பின்னத்தின் மேலே சேய், கீழே தாய். பிறகு, பால் கொடுத்து முடித்தவுடன் மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொல்கிறோம். தராசோடு கடிகாரமும் சேர்ந்துகொள்கிறது. "பால் கொடுக்கிறீங்களாக்கா?" என்று கேட்க இளம் மாணவருக்குக் கூச்சமாக இருக்கும். அந்தக் கேள்வியை வகுப்பில் வாய்விட்டுச் சொல்லிப் பழகாதவர் கடையில் சொல்லப்போவதில்லை.

கடைசியாக, அரசு சுகாதார நிலையத்திலிருந்து கர்ப்பிணி கொண்டுபோகும் சிவப்பு மாத்திரை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. நான்காம் மாதத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னும் 180 நாள். நாட்காட்டிப் பாடத்தில் இது நல்ல மருந்து. நாள் விடாமல் சாப்பிடுங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். இனி இதைத் தராசுப் பாடத்தில் வைப்போம். குழந்தையின் உடல் எடையில் கிலோவுக்கு 60 மில்லிகிராம் இரும்பு உயிருக்கு ஆபத்தான அளவு. பத்து கிலோ இருக்கும் மூத்த குழந்தைக்கு அது 600 மில்லிகிராம், அதாவது பத்து மாத்திரை. சர்க்கரைப் பூச்சோடு, பளிச்சென்ற சிவப்பில், பார்க்க மிட்டாய்போல இருக்கும் பத்து மாத்திரை. அமெரிக்காவில் சிறு குழந்தைகளின் நச்சு இறப்புகளில் தாயின் இரும்பு மாத்திரை ஒரு காலத்தில் முன்னணியில் இருந்தது. 1997இல் ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே பிரித்தெடுக்கும்படி பொதியச் சொன்ன பிறகு அவை வெகுவாகக் குறைந்தன.

அட்டையை எடுத்துக் கொடுக்கும் மாணவர் "எத்தனையாவது மாசம்க்கா?" என்று கேட்டிருப்பார். அதோடு "வீட்டுல சின்னப் பிள்ளை இருக்காக்கா?" என்றும் கேட்க வேண்டும். இருக்கிறது என்று பதில் வந்தால் கிலோவைக் கேட்க வேண்டியதில்லை. மாத்திரையை வீட்டில் எங்கே வைக்கிறார் என்று கேட்க வேண்டும்.