பெயரற்ற படங்கள்

கியா பார்ம் சந்தைக்கு வருவோர், அருகிலுள்ள சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கண்டு வியக்கின்றனர். 1885-ல் இம்மலைக்கு வந்த நில அளவையாளர் வில்லியம் கேமரன், 1929-ல் போ தோட்டத்தைத் தொடங்கிய ரஸ்ஸல் துரை ஆகியோர் பெயர்கள் சரித்திரத்தில் நிலைத்துவிட்டன. காட்டைத் திருத்திக் கொழுந்து கிள்ளிய தமிழர் பெயர்கள் எங்கே?

மலாயாவில் வாழ்ந்த வெள்ளையரின் கடிதங்களையும் படங்களையும் அவர்கள் சங்கத்தாரே திரட்டினர். அவை 1993 முதல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் காக்கப்படுகின்றன. நம்மவரோ, அக்காலத் தோட்டப் படங்கள் பலவற்றில் 'கூலிகள்' என்னும் ஒற்றைச் சொல்லாகவே நிற்கின்றனர்.

இது தலைவிதியன்று. காத்து வைத்தவன் கதை நின்றது, அவ்வளவே. காப்பதற்குச் செல்வமும் பட்டமும் வேண்டுமென்பதில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்த, விளம்பரப் பலகை எழுதிய ரோஜா முத்தையா, பழைய நூல்களோடு பிறர் எறியும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். அச்சேகரமே 1994-ல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயிற்று.

தோழர்களே! உங்கள் தகரப் பெட்டியிலுள்ள பாட்டன் பாட்டியர் படத்தையும் ஊர்க் கடிதத்தையும் எரித்துவிடாதீர்கள். விவரமறிந்த முதியோர் உள்ளபோதே, படத்தின் பின்புறம் பெயர், ஊர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் பென்சிலால் குறித்து வையுங்கள். நாம் எழுதாத பெயரைச் சரித்திரம் தானாக எழுதிக்கொள்ளாது.