ஒரு ரீம் ஊரை விட்டுப் போனபோது: புரூக்ளின் டொட்ஜர்ஸ்

ஆறு வயதுப் பிள்ளைக்கு அவளின் அப்பா ஒரு சிவப்புக் கொப்பி கொடுக்கிறார். பேஸ்போல் ஸ்கோர் எழுதுகிற கொப்பி. அப்பா வேலைக்குப் போனபிறகு பிள்ளை ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து ஒவ்வொரு அடியையும் குறித்துக்கொள்வாள். பின்னேரம் அவர் வீட்டுக்கு வந்ததும் கொப்பியை விரித்து முழு மச்சையும் சொல்லிக் காட்டுவாள். இதெல்லாம் அடுத்தநாள் பேப்பரில் விபரமாக வரும் என்பதை அப்பா சொல்லவேயில்லை. தான் சொல்லாவிட்டால் அப்பாவுக்கு ஒன்றுமே தெரியாமல் போய்விடும் என்றுதான் பிள்ளை நம்பியிருந்தாள்.

அந்தப் பிள்ளை டொரிஸ் கேர்ன்ஸ் குட்வின். பிறகு வரலாற்றாசிரியராகி 1995இல் புலிட்சர் பரிசு பெற்றவர். தன் சிறுவயது பேஸ்போல் நாட்களை 1997இல் ஒரு நினைவுநூலாக எழுதினார். கதை சொல்லப் பழகியதே அந்தக் கொப்பியில்தான் என்பது அவருடைய எண்ணம்.

அவர் பின்தொடர்ந்த ரீம் புரூக்ளின் டொட்ஜர்ஸ். அது இப்போது புரூக்ளினில் இல்லை. 1957 சீசன் முடிந்ததோடு லொஸ் ஏஞ்சலிசுக்குப் போய்விட்டது. ஆனாலும் அமெரிக்காவில் ‘எங்கட ஊர் ரீம்’ என்ற ஏக்கத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இந்தப் பெயர் வராமல் இருக்காது. அந்த ஏக்கம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதை மறந்துவிடுகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

எங்களில் கனபேருக்கு பேஸ்போல் பழக்கமில்லை. எல்லே விளையாடியிருந்தால் பாதி விளங்கிவிடும்: பந்தை அடித்துவிட்டு ஓடவேண்டும், சுற்றி வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். ஆனால் முக்கியமான விஷயம் விதிமுறை இல்லை, நாட்கணக்கு. அந்தக் காலத்தில் ஒரு சீசனுக்கு 154 ஆட்டங்கள். ஏப்ரலில் தொடங்கி செப்ரெம்பர் வரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் மச். அதில் பாதி சொந்த மைதானத்தில். இப்படிப்பட்ட விளையாட்டு விசேஷ நாள் கொண்டாட்டமாக இருக்காது. சாப்பாடு, வேலை, பள்ளிக்கூடம் மாதிரி அன்றாடத்தில் ஒன்றாகிவிடும்.

புரூக்ளின் 1898 வரைக்கும் தனி நகரம். அந்த வருஷம் நியூயோர்க்கோடு சேர்க்கப்பட்டு அதன் ஒரு பகுதியாகிப்போனது. 1950இல் அங்கே 27 இலட்சம் சனம் இருந்தது. அவ்வளவு பெரிய ஊருக்குத் தன் பெயரைச் சொல்லிக்கொள்ள மிஞ்சிய சில அடையாளங்களில் ஒன்று இந்த ரீம். டொட்ஜர்ஸ் என்ற பெயரே அந்தத் தெருக்களிலிருந்து வந்தது. ரொலி வண்டிகளில் அடிபடாமல் விலகி ஓடுகிற புரூக்ளின்காரர்களை ‘ரொலி டொட்ஜர்ஸ்’ என்று கேலி பண்ணுவார்கள்.

மைதானத்தின் பெயர் எபெற்ஸ் ஃபீல்ட். 1913இல் திறந்தது. ஏறக்குறைய 32 ஆயிரம் பேர் இருக்கலாம். தெருக்களுக்கு நடுவே நெருக்கியடித்துக் கட்டியதால் பார்வையாளர்கள் வீரர்களோடு கதைக்கிற தூரத்தில் இருந்தார்கள். ஹில்டா செஸ்டர் என்ற ரசிகை பெரிய மணியோடு வந்து கிலுக்கிக்கொண்டே இருப்பார். ஏப் ஸ்ராக் என்ற உடுப்புக் கடைக்காரர் தன் விளம்பரப் பலகையில் நேராகப் பந்தை அடிக்கிற துடுப்பாட்டக்காரருக்கு ஒரு சூட் இலவசம் என்று எழுதிவைத்திருந்தார். மைதானத்துக்குப் போகமுடியாதவர்களுக்கு ரெட் பார்பரின் ரேடியோ வர்ணனை. கோடைகாலத்தில் தெருவால் நடந்துபோனால் திறந்த ஜன்னல்கள் வழியாகவே முழு ஆட்டத்தையும் கேட்டுவிடலாம் என்று அந்தத் தலைமுறை சொல்லும்.

1947 ஏப்ரல் 15 அன்று இதே மைதானத்தில் ஜக்கி ரொபின்சன் இறங்கினார். இருபதாம் நூற்றாண்டில் பெரிய லீக்கில் விளையாடிய முதல் கறுப்பினத்தவர். மற்ற ஊர்களில் அவரைத் தூற்றினார்கள், கொலை மிரட்டல் கடிதம் அனுப்பினார்கள். புரூக்ளினில் பிள்ளைகள் அவரைப்போல ஓடிப் பழகினார்கள்.

ஆனால் கிண்ணம் மட்டும் கிடைக்கவில்லை. 1941, 1947, 1949, 1952, 1953 என்று ஐந்து தடவை உலகத் தொடரின் இறுதிக்கு வந்து, ஐந்து தடவையும் பக்கத்து ஊர் யாங்கீஸிடமே தோற்றார்கள். ‘வாற வருஷம் பாருங்கோ’ என்பது புரூக்ளினின் நிரந்தர வசனமாகிப்போனது. கடைசியில் 1955 ஒக்ரோபர் 4 அன்று, ஏழாவது ஆட்டத்தில், ஜொனி பொட்ரெஸ் பந்துவீச 2–0 என்று யாங்கீஸை வென்றார்கள். புரூக்ளின் வென்ற ஒரே உலகத் தொடர் அதுதான். இரண்டே வருஷத்தில் ரீம் போய்விட்டது.

பழைய ரசிகர்களைக் கேட்டால் குற்றவாளி ஒருவர்தான்: உரிமையாளர் வோல்ட்டர் ஓமலி. காசுக்காக ஊரை வித்துப்போட்டான் என்பார்கள். காசு ஒரு காரணம்தான். ஓமலி புரூக்ளினுக்குள்ளேயே, ரயில் பாதைகள் சந்திக்கிற இடத்தில், புது மைதானம் கட்டக் கேட்டார். நகரத்தின் கட்டுமானங்களைக் கையில் வைத்திருந்த ரொபர்ட் மோசஸ் அந்தக் காணியைத் தர மறுத்து, குவீன்ஸ் பகுதியில் இடம் காட்டினார். இருவரும் இறங்கிவரவில்லை.

ஆனால் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1947இல் எபெற்ஸ் ஃபீல்டுக்கு வந்தவர்கள் 18 இலட்சம். கிண்ணம் வென்ற 1955இலேயே அது 10 இலட்சத்து சொச்சம். அதே காலத்தில், பொஸ்ரனிலிருந்து மில்வோக்கிக்கு இடம் மாறிய பிறேவ்ஸ் ரீம் 1954இல் 20 இலட்சத்துக்கு மேல் ரிக்கற் விற்றது. எபெற்ஸ் ஃபீல்டில் நடந்த கடைசி ஆட்டம் 1957 செப்ரெம்பர் 24. அன்றைக்கு வந்தவர்கள் 6,702 பேர் மட்டும்.

மற்றவர்கள் எங்கே? குட்வினின் நினைவுநூலிலேயே பதில் இருக்கிறது. அவர் புரூக்ளினில் பிறந்தவர், ஆனால் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து ஸ்கோர் எழுதியது லோங் ஐலண்ட் புறநகர் வீடொன்றில். போருக்குப் பிறகு வெள்ளையினக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இப்படிக் கார், வளவு, தனிவீடு என்று வெளியேறிக்கொண்டிருந்தன. எபெற்ஸ் ஃபீல்டில் சுமார் 700 கார்களுக்குத்தான் இடம் இருந்தது. அந்தப் புறநகர்களில் மிகப் பெரிதாகப் பேசப்பட்ட லெவிற்ரவுனின் ஒப்பந்தத்தில் வெள்ளையர் அல்லாதோர் குடியிருக்கக்கூடாது என்றே எழுதியிருந்தது. ரொபின்சனுக்கு எழும்பி நின்று கைதட்டிய சனம் குடிபோன பல தெருக்களில் ரொபின்சனுக்கு ஒரு வீடு வாங்கமுடியாது. கனெக்ரிகட்டில் வீடு தேடியபோது அவருடைய குடும்பம் உண்மையிலேயே அந்தத் தடையில் முட்டியது. ரீம் ஊரை விட்டுப் போக முதலே ரசிகர்களில் ஒரு பெரிய பகுதி ஊரை விட்டுப் போயிருந்தது. ஏக்கம் இதைச் சொல்லுவது குறைவு.

ரீம் போன இடத்தின் கதை இன்னும் பாரமானது. லொஸ் ஏஞ்சலிசில் சாவேஸ் ரவைன் என்ற மேட்டுநிலத்தில் பாலோ வெர்டே, லா லோமா, பிஷப் என்று மூன்று குடியிருப்புகள். பெரும்பாலும் மெக்சிக்க வம்சாவளிச் சனம். 1950இல் அரசாங்க வீடமைப்புத் திட்டம் வரப்போகிறது, காலி பண்ணுங்கோ என்று கடிதம் வந்தது. புது வீடுகளில் உங்களுக்கே முதலிடம் என்றும் சொன்னார்கள். பலநூறு குடும்பங்கள் கிளம்பின. பிறகு அந்தத் திட்டமே கைவிடப்பட்டது. வெறுமையான நிலம் டொட்ஜர்ஸுக்குப் போனது. 1959 மே 8 அன்று, விட்டுக்கொடுக்காமல் இருந்த அரெச்சிகா குடும்பத்தைப் பொலிஸ் தூக்கி வெளியே கொண்டுவந்தது, ரீவியில் எல்லோரும் பார்த்திருக்க. 1962இல் அங்கே மைதானம் திறந்தது.

எபெற்ஸ் ஃபீல்டை 1960 பெப்ரவரியில் இடிக்கத் தொடங்கினார்கள். இடிக்கிற இரும்புக் குண்டுக்கு பேஸ்போல் பந்து மாதிரி வர்ணம் பூசியிருந்தார்களாம். இப்போது அங்கே மாடிக் குடியிருப்புகள். மைதானம் இருந்ததைச் சொல்ல ஒரு கல் இருக்கிறது. பாலோ வெர்டேயின் வீடுகள் பலகாலம் பேசப்படாமலே கிடந்தன. மைதானத்தை இழந்தவர்களிடம் பத்திரிகையும் பதிப்பகமும் இருந்தன, வீட்டை இழந்தவர்களிடம் இருக்கவில்லை.

இதனால் அந்தப் பிள்ளையின் கொப்பி பொய்யாகிவிடாது. அப்பாவுக்கு மச் சொல்லிக்காட்டிய பின்னேரங்கள் உண்மைதான். ஆனால் பேஸ்போல் ஸ்கோர் எழுதுகிறபோது ஓட்டங்களோடு சேர்த்துச் சொந்த ரீம் விட்ட பிழைகளையும் குறிக்கவேண்டும். அதற்கென்றே ஒரு பத்தி இருக்கிறது. எங்கட ஊர்க் கழகங்களையும் மைதானங்களையும் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதப்போகிற நாங்களும் அந்தப் பத்தியை வெறுமையாக விடாமல் இருப்பது நல்லது. யார் அடித்தார்கள் என்று கேட்கிறபோது, யார் விளையாட வரமுடியாமல் இருந்தது, அந்தக் காணி முதல் யாருடையது என்றும் கேட்போம்.